நின்ற எலிகள்

ஃப்ரைபுர்க், ஜெர்மனி
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நிஷாந்தினி எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்பைப் பிடித்து ஆட்டுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ, மகள் மதுஷா, கொழும்புக் கடையில் வேலை செய்யும் மச்சான், மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

போனில் பேசினால் லயத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டுச் சுவருக்கெல்லாம் காது முளைக்கிறது, கடிதம் என்றால் நமக்குள் இருக்கும் என்று சொன்னாய். சரி, இனி கடிதம்தான். லயம் முழுவதுக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நீ. உறையைப் பார்த்ததுமே தபால்காரர் "இது பாக்கியலெட்சுமி எழுத்து" என்பார். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அப்படி ஒரு கையெழுத்து. எனக்கு மட்டும் அது ஏன் வரக்கூடாது?

"அங்க போயி என்னத்தடி படிக்கிற, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு" என்று கேட்டாய். சொல்கிறேன். ஓர் உயிர் "இந்தப் பக்கம் போவோம்" என்று முடிவெடுக்கும்போது அதன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன். மனிதத் தலையை அப்படித் திறந்து பார்க்க முடியாது. அதனால் எலி. கறுப்பு எலி, என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. மண்டை ஓட்டில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். காற்றில் மிதக்கும் ஒரு பந்தின் மேல் அது ஓடும். முன்னால் திரையில் ஒரு பாதை தெரியும். பாதையின் இரண்டு பக்கமும் கம்பங்கள் வரும். எந்தப் பக்கம் கம்பம் அதிகமோ, முடிவில் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீர். அவ்வளவுதான் விளையாட்டு. அது ஓடும்போது அந்த ஜன்னல் வழியாக மூளையைப் படம் பிடிக்கிறோம். வேலை செய்கிற நரம்பு அணுக்கள் பச்சையாக மினுங்கும்.

நேற்றுத்தான் நான் எடுத்த முதல் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். எலி பாதி வழியில் இருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. திரையில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு மூன்று. பிறகு ஒரு கூட்டம். இடதுக்குப் போகப் போகிறது என்று என் வாய் தானாகச் சொன்னது. இரண்டு வினாடி கழித்து எலி இடதுக்குத் திரும்பியது. முடிவு என்ற ஒன்று பிறக்கிறதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன், அக்கா. உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேசைக்காரி மிஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று ஓடி வந்தாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. பதில் வரும்வரை தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

உன் தங்கச்சி,
நிஷா


தெமோதரை
10.03.2024

என் செல்லத் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

கடிதம் வந்து சேர்ந்தது. நீ குளிரிலும் குறையில்லாமல் இருப்பது அறிந்து மனம் நிறைந்தது. இங்கே நாங்களும் பாதி மலையில், பாதி மழையில் சுகமாகத்தான் இருக்கிறோம்.

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எலிக்காக அழுதேன். பிள்ளையார் வாகனத்தின் மண்டையில் ஜன்னல் வைத்தால் அவர் சும்மா இருப்பாரா? வலிக்காமல்தான் செய்கிறீர்களா? தினமும் வேலை தொடங்கும் முன்னால் அதனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள். படித்தவள் என்று கூச்சப்படாதே.

மூன்றாம் தடவை படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காரணம் சொல்கிறேன். நேற்று தேயிலை மலையில் பக்கத்து நிரையில் பறிக்கிற மாரியாயி தன் மருமகள் கதையைத் தொடங்கி, கொழுந்து நிறுக்கப் போகும்வரை முடிக்கவில்லை. நானும் ஆமாங்க, அப்படியா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கொழுந்தையும் பார்த்துத் தீர்மானித்த ஞாபகம் எனக்கு இல்லை. அரும்பும் இரண்டு இலையும் கைக்குள் வந்திருக்கிறது, முத்தியது செடியிலேயே நிற்கிறது. முப்பது வருடமாக இதை யார் தீர்மானித்தது? நானா, விரலா? உன் பச்சை விளக்கு என் தலையிலும் எரியுமா?

ஆனால் இப்போது என் வலது கைக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது. இடது கை பறித்து முடித்துவிட்டு அதற்காகக் காத்திருக்கிறது. இருபத்திரண்டு கிலோ எடுத்தவள் பதினைந்தில் நிற்கிறேன். "பாக்கியம், மாப்பிள்ளை பாக்கவா போற, இவ்வளவு ஆறுதலா, மெதுவா வர்ற" என்று எங்களை மேற்பார்க்கும் கங்காணி கேலி செய்கிறார். ஐம்பது நெருங்குகிறது, வேறென்ன.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்த லயத்திலிருந்து கம்பஸ் படிப்புக்குப் போன முதல் பிள்ளை நீ. டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். நடுவில் எதற்கும், யாருக்காகவும் விட்டுவிட்டு வரக்கூடாது. நான் செத்தாலும் படித்து முடித்துவிட்டு வந்து அழு.

தலைக்கு எண்ணெய் வை. அங்கே கிடைக்காவிட்டால் சொல்.

பாசமுள்ள அக்கா,
பாக்கியலெட்சுமி


ஃப்ரைபுர்க்
05.04.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான் சுகம். சளி பிடித்தது, போய்விட்டது.

எலிகளை மயக்கித் தூங்க வைத்துத்தான் ஜன்னல் வைப்பார்கள். வலிக்கு மருந்து உண்டு, மிருக டாக்டர் ஒருவர் வந்து வந்து பார்ப்பார். நீ சொன்னபடி காலையில் மன்னிப்புக் கேட்கிறேன். "இது என்ன மந்திரம்?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். அக்காவின் கட்டளை என்றேன். இப்போது அவளும் தன் மொழியில் ஏதோ முணுமுணுக்கிறாள்.

உன் கையின் கதையை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கை முடிவெடுக்கும்?" என்று கேட்டார். இருபதாயிரமாவது இருக்கும் என்றேன். எங்கள் எலி ஒரு நாளைக்கு இருநூறு முடிவு எடுத்தால் நாங்கள் கொண்டாடுவோம். அக்கா, உன் பக்கத்தில் கூடையோடு நின்று வளர்ந்தவள் நான். இப்படி ஓர் அதிசயம் பக்கத்திலேயே நடந்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

பதினொரு எலி என் பொறுப்பில். ஒன்பதாவதுக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும், திடீரென்று நின்று நாலு பக்கமும் பார்க்கும்.

சோம்பேறிக் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று. குளிர் பிடித்திருக்கும்.

மதுஷாவுக்கு முத்தம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

நிஷா


தெமோதரை
28.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருடத்துக்கு மச்சான் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன், கை வழுக்குகிறதே தவிர வேகம் வரவில்லை. காகிதம் சிக்கனமாக இருக்கட்டும் என்று பொடியாக எழுதுகிறேன், கண்ணைச் சுருக்காமல் படி.

ஒரு கேள்வி, சிரிக்காதே. உன் எலிகளில் ஏதாவது ஒன்று பாதி வழியில் அப்படியே நின்றுவிடுமா? பயந்துபோய் இல்லை, களைத்தும் இல்லை. போகவேண்டும் என்று அதற்குத் தெரியும், எங்கே என்றும் தெரியும். ஆனால் காலைத் தரையில் ஆணி அடித்தது போல. அப்படி நின்றால் பிறகு எப்படி நடக்கும்? யாராவது தள்ளிவிடவேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மதுஷா சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுக்கிறாள். உன்னைப் போலவே பேசுகிறாள், காது வலிக்கிறது.

அக்கா


ஃப்ரைபுர்க்
19.05.2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமா? இங்கே வெயில் வந்துவிட்டது, ஆட்கள் புல்லில் படுத்துக் கிடக்கிறார்கள்.

உன் கேள்வியை யார் கேட்டாலும் சபாஷ் என்பார்கள். ஆமாம், நிற்கும். நம்முடைய கங்காணி பத்து ஓட்டத்தில் ஒரு தடவையாவது நிற்கும். பத்து வினாடிக்கு மேல் நின்றால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். நிறுக்கும் இடத்தில் முத்தின இலையைத் தள்ளுவது போல ஒரு பக்கம் தள்ளிவிடுவோம். நிற்கிற எலி எதையும் முடிவு செய்யவில்லை, அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது எங்கள் வழக்கம். இதுவரை நானூறு ஓட்டம் தள்ளியிருக்கிறேன்.

நீ காகிதம் மிச்சம் பிடிக்கிறதைப் பார்த்துச் சிரித்தேன். எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது. இதோடு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன், தாராளமாக எழுது.

வாரம் இருமுறையாவது முட்டை சாப்பிடு.

நிஷா


தெமோதரை
30.06.2024

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். தாள் கிடைத்தது. நிற்கிறதைத் தள்ளிவிடுவது சரிதான். வேலை நடக்கவேண்டும் அல்லவா. மழை விடவில்லை, அதனால் அதிகம் எழுதவில்லை. நீ நன்றாகப் படி.

அக்கா


ஃப்ரைபுர்க்
21.07.2024

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரும் பக்கத்தில் இல்லாதபோது படி.

போன மாதக் கடிதம் வந்த அன்று அதை என் மேசையில் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். பக்கத்தில் எலிகளின் படத்தை அளக்கிற அடிமட்டம் கிடந்தது. ஏதோ தோன்றி எடுத்து அளந்தேன். நான் பேராதனைக் கம்பஸில் படிக்கும்போது நீ எழுதிய பழைய கடிதமும் என் பெட்டியில் இருந்தது. அதில் உன் "நி" ஒன்பது மில்லிமீட்டர். இந்த மார்ச்சில் ஏழு. ஏப்ரலில் ஐந்து. ஜூனில் வரி தொடங்கும்போது நாலு, முடியும்போது இரண்டு. எல்லா வரியும் அப்படியே, பெரிதாகத் தொடங்கிச் சிறுத்துப் போகிறது. வெள்ளைத் தாள் அனுப்பிய பிறகும்.

காகிதம் மிச்சம் பிடிக்கிறவள் வரி முழுவதையும் ஒரே பொடியாகத்தானே எழுதுவாள்?

இதற்கு ஒரு பெயர் உண்டு. நான் படித்த புத்தகத்தில் இதற்குப் படமே இருக்கிறது. அந்தப் படம் மாதக்கணக்காக என் தலையணைக்கு அடியில் கிடந்திருக்கிறது, உன் கையெழுத்தில். நான் எலியின் தலைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று போன் எடுத்தேன். "ஒண்ணும் இல்லடி, நல்லாத்தான் இருக்கேன்" என்று கணீரென்று சொன்னாய். உன் குரல் என்னை ஏமாற்றப் பார்க்கிறது, எழுத்துக்கு அது தெரியவில்லை. நின்றுவிடுகிறது எலியா, நீயா? நீ கேட்டது உன்னைப் பற்றி. நான் தள்ளிவிடுவோம் என்று பதில் எழுதினேன். அதை நினைக்கும்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

பதுளை ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார். இது நடுக்குவாத வியாதியாக இருக்கலாம், கை நடுங்காமலும் அது தொடங்கும். மருந்து உண்டு. நான் சொல்வது தவறாகக்கூட இருக்கலாம், இருக்கட்டும் என்றுதான் சாமி கும்பிடுகிறேன். ஆனால் போய்ப் பார்க்கவேண்டும். பதில் எழுது, ஒரு வரி போதும்.

நிஷா


தெமோதரை
25.08.2024

அன்புள்ள சித்திக்கு மதுஷா எழுதுவது.

நாங்கள் சுகம் என்று தொடங்கவேண்டும். ஆனால் அது பொய், அதனால் விட்டுவிடுகிறேன். நீங்கள் சுகமாக இருங்கள்.

அம்மா தன் தலையில் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள், போனில் சித்திக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று. சத்தியம் போனுக்குத்தான். கடிதத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஜூலைக் கடிதம் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. நேற்றுத்தான் கண்டெடுத்தேன்.

அம்மா எங்கள் காம்பிரா அறை வாசற்படியில் நின்றுவிடுகிறார்கள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் குடம். நான் "என்னம்மா" என்றால் "பராக்கு பாக்குறேன்டி" என்பார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகும். முகத்தில் வேர்வை ஓடும். மலையிலும் அப்படி நின்று, பின்னால் வந்தவர்கள் திட்ட, இப்போது கொழுந்திலிருந்து எடுத்து நாற்று மேடையில் புல் பிடுங்க விட்டிருக்கிறார்கள். செய்வினை என்று லயத்தில் பேச்சு. லயத்துக் கடிதங்களையும் இப்போது யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "வியாதின்னு எழுதிட்டா நிஷா அடுத்த பிளேன்ல வந்துருவா, அவ படிப்பு போயிரும்" என்று அழுகிறார்கள்.

இனி சொல்லப்போவதை நீங்கள் நம்புவீர்களோ தெரியாது. போன வெள்ளிக்கிழமை கயிறு கட்ட ஸ்டேஷன் பக்கத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பஸ் இல்லை. ரோட்டில் நாலு இடத்தில் நின்றுவிட்டார்கள். நான் இழுத்தால் விழப் பார்க்கிறார்கள். கடைசியில் ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறதே என்று தண்டவாளத்தில் இறங்கினோம். இறங்கியதும் அம்மா நடந்தார்கள், சித்தி. குறுக்கே போட்ட சிலிப்பர் கட்டை மேல் ஒவ்வோர் அடியாக, விறுவிறுவென்று, கொழுந்துக்கு முதல் ஆளாகப் போவார்களே, அதே நடை. என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒரு வளைவில் திரும்பி, "என்னடி, வயசுப் புள்ள இப்படி மூச்சு வாங்குற" என்று சிரித்தார்கள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. பிளாட்பாரத்தில் ஏறினார்கள், மறுபடியும் ஆணி அடித்தது போல நின்றார்கள்.

பூசாரி அதைக் கேட்டுவிட்டு, இரும்புக்குப் பேய் பயப்படும், அதனால்தான் தண்டவாளத்தில் விட்டுவிட்டது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இது என்ன?

உங்கள் மதுஷா


ஃப்ரைபுர்க்
12.09.2024

அக்காவுக்கும் மதுஷாவுக்கும்,

மதுஷா, நீ செய்தது நூற்றுக்கு நூறு சரி. அக்கா, அவளைத் திட்டாதே. சத்தியத்தை அவள் மீறவில்லை.

தண்டவாளத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் என் அக்கா, நம் தெமோதரை லைனில், பின்னால் மதுஷா மூச்சு வாங்க, தான் முன்னால் போகிறாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேய்க்கும் இரும்புக்கும் இதில் வேலையே இல்லை. கட்டைகள்தான் செய்தன.

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டை நினைத்துக்கொள், அக்கா. எல்லோரும் கூடையோடு தயாராக நிற்கிறார்கள். எந்த மலை என்றும் தெரியும். ஆனால் பெயர் கூப்பிட்டால்தான் நகர முடியும். மூளையின் அடியில் கறுப்பாக ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. அங்கேயிருந்துதான் "போ" என்ற அழைப்பு வருகிறது. இந்த வியாதியில் அந்தத் திட்டு மெலிந்துபோகிறது. உன் மனம் தயார், கால் தயார், பெயர் கூப்பிட ஆள் வரவில்லை.

ஆனால் கண் முன்னால் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அந்தக் கோடே உன் பெயரைக் கூப்பிடுகிறது. கண்ணிலிருந்து காலுக்கு வேறொரு வழி இருக்கிறது, அதன் வழியாகச் செய்தி போகிறது. நேராக இறங்க முடியாத சரிவு என்றுதானே நம்மூர் ரயில் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டு போகிறது. உன் தலையும் அதையே கண்டுபிடித்திருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மதுஷா, சுண்ணாம்பு கரைத்து, வாசற்படியிலிருந்து இஸ்தோப்புத் திண்ணை தாண்டி, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் குறுக்கே கோடு போடு. சிலிப்பர் கட்டைக்கு இருக்கிற இடைவெளியே போதும். அம்மாவைப் பிடித்து இழுக்காதே. கோட்டைக் காட்டு.

அக்கா, இப்போது பேரம். நீ இந்த மாதமே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் இங்கேயே இருந்து படித்து முடிப்பேன். போகாவிட்டால் அடுத்த விமானத்தில் வந்து உன் வாசற்படியில் நானும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நிற்பேன். உன் பிடிவாதத்தைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும்.

நிஷா


தெமோதரை
20.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத்து மதுஷாவுடையது, வார்த்தை என்னுடையது. நாற்பது வீட்டுக்குக் கடிதம் எழுதியவள் இன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைவிட எனக்கு வேறு தண்டனை இல்லை. நீ சுகமாக இரு.

பேரம் பேசி என்னை மடக்கிவிட்டாய். போனோம். டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டு, "இதை முதல்ல யாரு கண்டுபுடிச்சா?" என்று கேட்டார். என் தங்கச்சி, ஜெர்மனியிலிருந்து அடிமட்டம் வைத்து அளந்தாள் என்றேன். நீ சொன்ன வியாதிதான். மாத்திரை மூன்று வேளை. முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார். நான் அழவில்லை. (அழுதார்கள், பஸ்ஸில். எழுதுகிறவள் மதுஷா.)

கோடு போட்டாயிற்று. லயத்துப் பிள்ளைகள் அதில் பாண்டி ஆடுகிறார்கள். மாரியாயி பார்த்துவிட்டு, "என்ன பாக்கியம், வீட்டுக்குள்ளயே ரயில் விடுறியா" என்றாள். அவளுக்கு எதிரிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். வாயைத் திறந்தவள் மூடவில்லை. மறுநாள் அவளே சுண்ணாம்பு கொண்டுவந்து மலைக்கு ஏறுகிற படிக்கட்டில் கோடு போட்டாள். இப்போது யாரும் செய்வினை என்று சொல்வதில்லை. (சிலர் சித்திக்குத்தான் மந்திரம் தெரியும் என்கிறார்கள்.)

ஆனால் ஒரு குறை, நிஷா. கடிதம். ஒரு வரி முடிவதற்குள் எழுத்து கையை விட்டு ஓடிவிடுகிறது.

சொன்னது அக்கா,
எழுதியது மதுஷா


ஃப்ரைபுர்க்
24.11.2024

அன்புள்ள அக்கா,

மாத்திரையை நேரம் தவறாமல் போடு. நான் சுகம், படிப்பும் சுகம்.

இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், பேராசிரியருக்குக்கூட நாளைதான். நான் தள்ளிவைத்த ஓட்டங்கள் இப்போது அறுநூறு ஆகிவிட்டன. போன மாதம் அத்தனையையும் திரும்ப எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே மனசு கேட்கவில்லை. கங்காணி பாதி வழியில் நிற்கிற படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன்.

இருட்டாக இருக்கும் என்று நினைத்தேன். நிற்கிற எலிக்குள் பச்சை எரிந்துகொண்டிருந்தது, அக்கா. கால் அசையவில்லை, ஆனால் இடதுக்குப் போகிறதுக்கான கூட்டம் முழுவதும் மினுங்கிக்கொண்டு நின்றது. பிறகு அது நடந்தபோது ஏறக்குறைய எல்லாத் தடவையும் விளக்கு சொன்ன பக்கமே திரும்பியது. முடிவு எப்போதோ எடுத்தாயிற்று. புறப்படத்தான் முடியவில்லை. நாங்கள் இத்தனை நாளும் அதை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் எலிக்கு உன் வியாதி இல்லை. அது நிற்கிற காரணம் வேறு, நீ நிற்கிற காரணம் வேறு. பதினொரு எலியை வைத்துக்கொண்டு உலகத்துக்கே சட்டம் சொல்லவும் முடியாது. ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். ஏப்ரலில் நீ என்னிடம் கேட்டாயே, அதை நான் இப்போது திருப்பிக் கேட்கிறேன். வாசற்படியில் நிற்கும்போது உள்ளே எப்படி இருக்கும்?

வருகிற ஏப்ரலில் இரண்டு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். பயப்படாதே, லீவுதான். டிக்கெட் இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று.

நிஷா


தெமோதரை
12.01.2025

என் உயிர்த் தங்கச்சி நிஷாந்தினிக்கு,

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கிறது. எல்லோரும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

எழுத்தைப் பார்த்தாயா? அடிமட்டத்தை எடுத்து அள. அலவி நானா கடைக்குப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் இரட்டைக் கோட்டுக் கொப்பி கேட்டேன். "யாருக்கு, பேரப்புள்ளைக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். காலுக்குக் கோடு போட்டால் கால் நடக்கிறது, கைக்குக் கோடு போட்டால் கை நடக்காதா என்று நானே யோசித்தது. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட்டுத் தொட்டு எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. இந்தக் கடிதம் எழுத நாலு நாள். ஆனால் ஓடவில்லை, பிடித்துவைத்திருக்கிறேன். நேற்று கட்டாரில் வேலை செய்யும் மாரியாயி மகனுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். வாசற்படியில் நிற்கும்போது எல்லோரும் நினைக்கிறார்கள், இவள் மரமாகிவிட்டாள் என்று. மதுஷாகூட அப்படித்தான் நினைத்தாள். மனதுக்குள் நான் ஒரு நாளும் நின்றதில்லை, நிஷா. கால் படியில் இருக்கும்போதே நான் பீலிக்குப் போய், குடத்தை வைத்து, தண்ணீர் நிறைகிற சத்தத்தையும் கேட்டு, தூக்கி இடுப்பில் வைத்துத் திரும்பியும் வந்திருப்பேன். உடம்பு மட்டும் படியிலேயே கிடக்கும். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நிற்கிறவளுக்குள் விளக்கு எரிகிறது என்று ஒரு எலியின் தலையில் நீ பார்த்திருக்கிறாய் என்று படித்தபோது, என்னை ஒருத்தி கடைசியில் பார்த்துவிட்டாள் என்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

அந்தக் கங்காணி எலிக்கு என் பேரில் ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீர் அதிகமாகக் கொடு. நின்றதை எல்லாம் இனிக் கணக்கில் சேர்த்துக்கொள். உன் பேராசிரியர் ஏன் என்று கேட்டால், அக்காவின் கட்டளை என்று சொல்.

ஏப்ரலில் நீ வரும்போது நான் ஸ்டேஷனுக்கு வருவேன். பிளாட்பாரத்தில் நின்றுவிட்டேன் என்றால் இழுக்காதே, கூப்பிடவும் கூப்பிடாதே. உன் பெட்டியை என் காலுக்கு முன்னால் குறுக்கே வை, நான் தாண்டி வந்துவிடுவேன். வீட்டுக்கு ரோட்டால் வேண்டாம். ரயில் போனதும் தண்டவாளத்தில் இறங்குவோம். நான் முன்னால் போகிறேன், முடிந்தால் எட்டிப் பிடி.

கோட்டைத் தொட்டு எழுதும்,
உன் அக்கா பாக்கியலெட்சுமி